ஆசும் இட்டுக்கட்டும்: ‘ஆயத்தமின்மை’ என்ற கருத்தின் சமூக அடிப்படை பற்றிய சில குறிப்புகள்

1

முன்னாயத்தம் எதுவுமின்றிக் கேட்ட மாத்திரத்தே பாடலொன்றைப் புனையும் செயலைக் குறிப்பதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் வழங்கி வந்துள்ளன. ஒன்று ஆசு, மற்றையது இட்டுக்கட்டு. ‘அவர் ஆசுகவி’ என்பது புகழ்ச்சி. ‘அவன் இட்டுக்கட்டிச் சொல்கிறான்’ என்பது இகழ்ச்சி. முன்னையது அவைக்களத்துக்குரிய சொல். பின்னையது வயல், சூடடிக்கும் களம், இழவு வீடு, நாடகக் கொட்டகை ஆகியவற்றோடு தொடர்புடையது. நாட்டார் பாடல்களை ஆராய்வோர் ‘இட்டுக்கட்டிப் பாடுதல்’ என நடுநிலைப் பொருளில் இச்சொல்லைக் கையாள்வர் எனினும், அன்றாட வழக்கில் இல்லாததைக் கற்பித்துக் கூறுதல் என்பதே அதன் முதன்மைப் பொருளாக நிலைத்துள்ளது. ஏறத்தாழ ஒரே செயலுக்கு இரு பெயர்கள்: ஒன்றின்மீது தெய்வ அருளின் ஒளி படிந்துள்ளது, மற்றையதன்மீது பொய்யின் நிழல் படிந்துள்ளது.

இவ்வாறு இரு சொற்கள் எதிரெதிர் மதிப்புக்களைப் பெறுவது மொழியில் தற்செயலாக நிகழ்வதன்று. சொற்களின் ஏற்றத்தாழ்வுக்குப் பின்னால் அவற்றை வழங்கிய மக்கட் பிரிவினரின் ஏற்றத்தாழ்வு இருப்பதை மொழி வரலாறு பலவிடத்தும் காட்டுகின்றது. எனினும், ஆசு உயர்ந்தோரின் சொல், இட்டுக்கட்டு தாழ்ந்தோரின் சொல் என்று கூறி அமைந்துவிடுவது ஆய்வாகாது. இவ்விரு சொற்களும் சுட்டும் ஆக்கமுறைகளுக்கிடையே மெய்யான வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடு ஆயத்தத்தின் அளவில் இல்லை. இரண்டுமே நீண்ட ஆயத்தத்தின் பயன்கள். அவ்வாயத்தம் எவருடைய உடைமையாக இருந்தது, எவர் முன்னிலையில் எப்பயன் கருதி வெளிப்பட்டது என்பனவற்றிலேயே வேறுபாடு அமைந்துள்ளது. இதனை நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை இன்று ஆராய வேண்டியதற்கு ஒரு காரணமும் உண்டு. மரபுவழிப் புலமையாளர் மாத்திரமன்றி, மக்கள் இலக்கியத்தைப் போற்றும் முற்போக்கு விமர்சகரும் நாட்டார் பாடல்களை ‘தாமாகப் பொங்கி எழுந்தவை’, ‘கலப்பற்ற இயல்பான உணர்ச்சி வெளிப்பாடுகள்’ எனப் பாராட்டி வருகின்றனர். பாராட்டின் தொனி வேறாயினும், உழைக்கும் மக்களின் கலைக்கு உழைப்பு வேண்டியதில்லை என்ற எடுகோள் இவர்கள் கூற்றிலும் மறைந்திருக்கின்றது.

2

முதலிற் சொற்களை நோக்குவோம். ஆசுகவி என்ற தொடரிலுள்ள ஆசு விரைவு எனப் பொருள்படும் வடசொல்லாகும். புலவரை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நால்வகைப்படுத்தும் மரபு பாட்டியல் நூல்களாலும் நிகண்டுகளாலும் நிலைபெற்றது. பொருள், பா, அடி, அணி முதலியவற்றைப் பிறர் வரையறுத்துக் கொடுக்க, கொடுத்த அப்பொழுதே பாடுபவன் ஆசுகவி. இனிமை மதுரகவிக்கும், சொற்களைச் சித்திரத்துள் அடக்கும் திறன் சித்திரகவிக்கும், விரிவு வித்தாரகவிக்கும் அளவுகோல்களாயின. ஆசுகவிக்கு அளவுகோல் காலம். பாடல் எவ்வாறு உருவாயிற்று என்பதுபற்றி அப்பெயர் எதுவுமே கூறவில்லை. எவ்வளவு விரைவில் உருவாயிற்று என்பதை மட்டுமே கூறுகின்றது.

இட்டுக்கட்டு என்பதோ இரண்டு வினைகளின் சேர்க்கை. இடுதல், கட்டுதல் என்ற இரண்டும் கைவினை சார்ந்தவை. உரிய பொருளை உரிய இடத்தில் வைத்து, வைத்ததைப் பிணைத்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். காலம்பற்றி இச்சொல் ஏதும் கூறவில்லை, செய்முறையையே கூறுகின்றது. புலமை மரபு போற்றும் ‘யாப்பு’ என்ற சொல்லின் அடிப்பொருளும் கட்டுதலே. யாத்தலும் கட்டுதலும் பொருளால் ஒன்றாயிருக்க, யாப்பு இலக்கணத்தின் ஓர் இயலாக உயர்ந்தது. கட்டு, ‘கட்டுக்கதை’, ‘இட்டுக்கட்டு’ என்ற வழக்குகளிற் பொய்யின் பெயராகத் தாழ்ந்தது.

இன்னுமொன்று கவனிக்கற்பாலது. வடசொல்லான ஆசுவோடு தொடர்பற்ற வேறு ஆசுகளும் தமிழில் உள. ஒன்று குற்றம் எனப் பொருள்படும். பிறிதொன்று பொற்கொல்லர் அணிகலனின் இரு துண்டுகளைப் பொருத்துவதற்கு இடையில் இடும் பற்றாசு. நேரிசை வெண்பாவின் இரண்டாமடியில் தனிச்சொல்லுக்கு முன்னே ஓரிரண்டு அசைகள் இட்டு நிரப்பப்படுமாயின், அவற்றை இப்பற்றாசோடு ஒப்பிட்டு ‘ஆசு’ என்றும், அவ்வெண்பாவை ஆசிடை நேரிசை வெண்பா என்றும் யாப்பிலக்கணகாரர் வழங்கினர். பாடல் துண்டுகளை இணைத்துச் செய்யப்படுவது என்ற உண்மையை இலக்கணகாரர் அறிந்தேயிருந்தனர் என்பதற்கு இப்பெயரே சான்று. புலவனைப் போற்ற வந்தபோது மட்டும் பட்டறையின் ஆசு மறைய, விரைவின் ஆசு முன்னுக்கு வந்தது.

3

ஆசுகவி என்றவுடன் நினைவுக்கு வருபவர் 15ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் காளமேகப் புலவர். அவர்பற்றி வழங்கும் கதை யாவரும் அறிந்ததே. கோயிலிற் சமையற் பணி புரிந்த ஒருவர், அம்பிகையின் தாம்பூலம் வாயில் உமிழப்பெற்று, அக்கணமே கவிமழை பொழியும் ஆற்றல் பெற்றார் என்பர். திருமலைராயன் அவையில் அதிமதுர கவிராயரோடு வாதிட்டு, யமகண்டம் என்னும் கொடிய நிபந்தனைகளுக்குட்பட்டு, கேட்டவற்றுக்கெல்லாம் உடனுக்குடன் பாடினார் என்றும் கதை தொடர்கின்றது. 19ஆம் நூற்றாண்டில் அட்டாவதானம் வீராசாமி செட்டியாரின் ‘விநோதரசமஞ்சரி’ போன்ற நூல்கள் இக்கதைகளைப் பரவச் செய்தன.

இக்கதையின் கருத்துநிலை தெளிவானது. கற்றல் என்ற நீண்ட காலச் செயலை அது ஒரே கணமாகச் சுருக்கிவிடுகின்றது. அடுப்படியில் உழைத்த மனிதர் புலவரானமைக்குக் கல்வி காரணமாகக் காட்டப்படவில்லை. அருளே காரணமாகக் காட்டப்படுகின்றது. சமையற்காரர் கற்றுப் புலவராகலாம் என்று ஒப்புக்கொள்வதைக் காட்டிலும், தெய்வம் எண்ணினால் சமையற்காரரையும் புலவராக்கும் என்று கூறுவது அன்றைய சமூக அமைப்புக்கு இடையூறற்ற விளக்கமாயிருந்தது.

ஆயின், காளமேகத்தின் பெயரால் வழங்கும் சிலேடை வெண்பாக்களே இவ்விளக்கத்தை மறுக்கின்றன. பாம்பையும் எள்ளையும், பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒன்றெனக் காட்டும் பாடல்களின் அமைப்பை நோக்குக. இரு பொருள்களுக்கும் பொருந்தும் இருபொருட் சொற்றொடர்கள் சில நிரல்பட வரும். இன்னது இன்னதற்கு ஒப்பு என்ற முடிபு ஏற்கெனவே அமைந்துள்ள சட்டகத்தில் வந்து விழும். இடையில் ஒரு விளி அடியையும் எதுகையையும் நிரப்பும். இச்சட்டகம் கைவரப் பெற்றவன் தேட வேண்டியவை இருபொருட் சொற்களே. அவற்றைத் தேடித் தொகுத்து வைக்கும் பணியை நிகண்டு செய்தது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டிற் பதினோராம் தொகுதி ஒருசொற் பலபொருட் பெயர்த்தொகுதியாகும். அது எதுகை முறையில் நிரல்படுத்தப்பட்டுள்ளது. பல பொருள் தரும் சொற்கள் எதுகை வரிசையில்! சிலேடை பாடும் புலவனுக்கு இதனினும் ஏற்ற கருவிப் பெட்டி வேறில்லை. தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் திண்ணைப் பள்ளி மாணவர் நிகண்டை மனனஞ் செய்தனர். அம்மனனம் பல ஆண்டுகளின் உழைப்பு. ஆசுகவியின் ஒரு கணத்தில் அவ்வாண்டுகள் செலவிடப்பட்டன.

அவதானக் கலையும் இவ்வுண்மையை உறுதிப்படுத்தும். ஒரே வேளையிற் பலர் தரும் பல செயல்களுக்கு முகங்கொடுத்துப் பாடலும் புனையும் சதாவதானியாகப் புகழ்பெற்ற மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை, தமிழ் மொழியகராதி ஒன்றைத் தொகுத்தவருமாவர். சொற்களை நிரல்படுத்தி அடுக்கும் உழைப்பும் அவையில் வெளிப்படும் விரைவும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தமை வியப்பன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) தலபுராணச் செய்யுட்களை மனத்திலேயே அமைத்துச் சொல்லிச் செல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதிய செய்தியை உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியரின் வரலாற்றிற் பதிவு செய்துள்ளார். எழுத்தாணி எடுக்காமற் பாடிய அவரே தம் வாழ்நாள் முழுதும் ஏடு படித்தவரும் பாடஞ் சொன்னவருமாவார்.

ஈழத்திலும் இத்தகைய கதைகளுக்குக் குறைவில்லை. நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் சிறுவனாக இருந்தபோது, தந்தையாராகிய வில்லவராய முதலியாரின் வீட்டை வினவிய புலவரொருவருக்கு வழியைப் பாட்டாலேயே கூறினார் என்பது செவிவழிச் செய்தி. அச்சிறுவனே பின்னாளில் கல்வளையந்தாதி, மறைசையந்தாதி ஆகிய யமக அந்தாதிகளை இயற்றியவர். யமகம் சொல்லோடு மல்லாடும் கடின உழைப்பு. செல்வாக்குடைய முதலியார் வீட்டிற் புலவர் வந்து தங்கிச் சென்ற சூழலே அக்கல்விக்கு இடமளித்தது. கதை அச்சூழலைப் பின்னுக்குத் தள்ளிப் பிறவிக் கவித்துவத்தை முன்னுக்கு நிறுத்துகின்றது.

பிற பண்பாடுகளிலும் இது உணரப்பட்டுள்ளது. 1ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய நாவன்மை ஆசிரியர் குயின்ரிலியன், எழுதி வையாது உடனடியாகப் பேசும் ஆற்றலைக் கல்வியின் தொடக்கமாகக் கொள்ளவில்லை. நெடிய கல்வியின் இறுதிப் பயனாகவே கொண்டார். அவர் கற்பித்த மாணவர் சட்டமன்றங்களிலும் வழக்காடு மன்றங்களிலும் பேச இருந்த ஆளும் வகுப்பினர். அவர்களின் ஆயத்தமின்மைக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது.

4

இட்டுக்கட்டிப் பாடுவோரின் பள்ளிக்கூடம் எது? அதற்குக் கட்டடம் இல்லாமையால் அது இல்லையென்று கருதப்பட்டது.

ஒப்பாரியை எடுத்துக்கொள்வோம். இறந்தவரைச் சுற்றியிருந்து பெண்கள் பாடும் ஒப்பாரி துயரத்தின் தன்னியல்பான வெளிப்பாடு என்றே பொதுவாகக் கூறப்படும். துயரம் உண்மையே. ஆனால் துயரம் பாடலாவதற்கு வேண்டிய உறுப்புக்கள் அவ்விடத்தில் உண்டாவன அல்ல. உறவுமுறை விளி, பொன், முத்து முதலிய அருமைப் பொருள் சார்ந்த அடைகள், இறந்தவரின் தொழிலும் குணமும் கூறும் பகுதி, பாடுபவளின் எதிர்காலத் தனிமையைக் கூறும் பகுதி என்றவாறு ஒழுங்கொன்று உண்டு. தாய்க்குப் பாடும்போது ஒரு விளி. கணவனுக்கு வேறு விளி. நோயில் இறந்தவர்க்கும் கடலில் இறந்தவர்க்கும் அடிகள் மாறும். அமைப்பை மாற்றாமல் அவ்வவ்விடத்தில் உரியதை இடுதலும், இட்டதை மோனை எதுகையாலும் திரும்பத் திரும்ப வரும் தொடராலும் கட்டுதலுமே அங்கு நிகழ்வது. சிறுமியர் தாய்மாரின் அருகிலிருந்து கேட்டு, பின்னர் உடன்பாடி, பல இழவு வீடுகள் கண்ட பின்னரே முன்னின்று பாடுவர். ஒப்பாரியைக் கூலிபெற்றுப் பாடியவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களாயிருந்தனர். ‘கூலிக்கு மாரடித்தல்’ என்ற மரபுத்தொடர் இன்று மனமின்றிச் செய்யும் வேலையைக் குறிக்கின்றது. இட்டுக்கட்டு பொய்யாயிற்று, மாரடித்தல் போலியாயிற்று. தொழிலாகச் செய்யப்பட்ட கலை எவ்வாறு வசைச்சொல்லாகத் திரிகின்றது என்பதற்கு இவை இணையான சான்றுகள்.

மட்டக்களப்புப் பிரதேசத்திலும் இதே நிலையைக் காணலாம். சூடடிக்கும் களத்துப் பொலிப்பாட்டும், வடசேரி தென்சேரி எனப் பிரிந்து கொம்பு முறிக்கையில் எதிர்க்கட்சியை வைது பாடும் பாட்டும், தமிழ் முஸ்லிம் கிராமங்களில் ஆணும் பெண்ணும் மாறிமாறிப் பாடும் நாலடிக் கவிகளும் அவ்வக் கணத்துத் தேவைக்கேற்ப இட்டுக்கட்டப்படுபவை. அம்மக்கள் தம் பாடல்களைக் ‘கவி’ என்றே வழங்குவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. கவி என்ற பட்டத்தை அவர்களுக்கு மறுத்தவர் வேறு எவரோ.

அப்பிரதேசத்துக் கூத்து மரபைச் சற்று நுணுகி நோக்கின், கிராமியக் கலை ஆயத்தமற்றது என்ற கருத்து முற்றாகத் தகர்ந்துவிடும். அண்ணாவியார் பாத்திரத்துக்கு ஆளைத் தெரிந்து சட்டம் கொடுப்பார். மாதக் கணக்கிற் பழக்கம் நடக்கும். சதங்கை அணி விழா வரும். அடுக்குப் பார்த்தல் என்ற முழு ஒத்திகை நிகழும். அதன் பின்னரே களரியேற்றம். ஆயத்தத்தின் ஒவ்வொரு படிக்கும் தனித்தனிப் பெயர் வைத்த ஒரு கலையை இயல்பூக்கக் கலை என்று கூறுவது அறியாமையாகும்.

ஒத்திகையே இல்லாத கலை வடிவம் ஒன்றையும் எடுத்து நோக்குதல் தகும். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்களை அடியொற்றித் தமிழகத்தில் மதுரை, புதுக்கோட்டை முதலிய நகரங்களை மையமாகக் கொண்டு ஆடப்பட்டுவரும் ‘ஸ்பெஷல் நாடகம்’ அது. நிலையான குழு அதற்கு இல்லை; நெறியாளர் இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என ஒவ்வொரு நடிகரும் அன்றைய இரவுக்கெனத் தனித்தனியே பேசி அழைக்கப்படுவர். முன்பு ஒன்றாக ஒத்திகை பாராதவர்கள் விடியும்வரை ‘வள்ளி திருமணம்’ ஆடுவர். இது எவ்வாறு இயலும்? கதை, பாட்டு, மெட்டு, தர்க்கம் வளரும் ஒழுங்கு, ஆர்மோனியக்காரர் எவ்விடத்திற் சுருதி எடுத்துக்கொடுப்பார் என்பன யாவும் தொழிலில் ஈடுபட்ட அனைவருக்கும் பொதுச் சொத்தாக இருப்பதனாலேயே இயலுகின்றது. ஒரு குழு ஓரிரு மாதம் செய்யும் ஒத்திகையை ஒரு தொழில் முழுவதும் பல தலைமுறையாகச் செய்து முடித்துவிட்டது. இந்நாடகக்காரர் சுமக்க நேர்ந்த சமூக இழிவைச் சூசன் சைசர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 2005இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அவையில் உடனுக்குடன் விடை இறுத்தவருக்குப் பொற்கிழியும் மேடையில் உடனுக்குடன் விடை இறுத்தவருக்கு இழிவும் கிடைத்தமை கலைத்திறனின் வேறுபாட்டால் விளைந்ததன்று.

இப்பொதுச் சொத்தின் இயல்பை ஆய்வுலகுக்கு முதன்முதலில் தெளிவுறக் காட்டியவர்கள் மில்மன் பரியும் அவர் மாணவர் அல்பேட் லோட்டுமாவர். யூகோஸ்லாவியப் பாடகரிடையே பரி நடத்திய கள ஆய்வின் பயனை லோட் 1960இல் நூலாக வெளியிட்டார். எழுத்தறியாத இறைச்சிக்கடைக்காரரான அவ்தோ மெதெதொவிச் 1935இல் 12,000 அடிகளுக்கு மேற்பட்ட காவியமொன்றைச் சொல்லக் கேட்டுப் பதிவு செய்தனர். லோட் அவரைத் தெய்வ அருள் பெற்றவராகக் காட்டவில்லை. பாடகனின் பயிற்சியைக் கேட்டல், தனியே பாடிப் பழகல், அவையோர் முன் பாடல் என்று மூன்று கட்டங்களாகப் பகுத்தார். வாய்பாடுகளும் நிலையான கருப்பொருள்களும் எவ்வாறு கைவருகின்றன என்று விளக்கினார். நமது சமையற்காரருக்கு ஒரு தாம்பூலக் கதை கிடைத்தது. அந்த இறைச்சிக்கடைக்காரருக்கு அவர் கற்ற முறை பற்றிய ஆய்வு கிடைத்தது.

5

இரண்டும் ஆயத்தத்தின் பயனென்றால் இரண்டும் ஒன்றேயா எனும் வினா எழும். இல்லை. மூன்று வேறுபாடுகள் அடிப்படையானவை.

முதலாவது, தூண்டும் சூழல். ஆசுகவியை நோக்கி நிபந்தனை விதிக்கப்படுகின்றது. ஈற்றடி தருபவரும், இன்ன சொல் முதலாக வேண்டும் என்பவரும், இன்ன எழுத்து வரலாகாது என்பவரும் பிறர். அவை தடைகள்; தடைகளைத் தாண்டும் வித்தைக்கே பரிசு. இட்டுக்கட்டுபவரை வேலையோ மரணமோ விளையாட்டோ தூண்டுகின்றது. அங்குப் பொருத்தமே அளவுகோல். கதிர் அடிக்கும் தாளத்துக்கும் இறந்தவரின் வாழ்வுக்கும் பாட்டு பொருந்த வேண்டும். எனவே ஆசுகவியின் புதுமை பெரும்பாலும் சொல்லின் இருபொருளிலே தங்குகின்றது. இட்டுக்கட்டிய பாடலின் புதுமை பழைய அடி புதிய நிகழ்ச்சியைத் தொடும் இடத்திலே தங்குகின்றது.

இரண்டாவது, கேட்போரின் நிலை. அவையோர் நடுவர், பாடுவோரல்லர். களத்திலும் இழவு வீட்டிலும் கேட்பவரே அடுத்துப் பாடுபவர். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்வர். ஆக்குவோரும் நுகர்வோரும் இன்னும் முற்றாகப் பிரியாத உறவு அது.

மூன்றாவது, உடைமை. ஆசுகவி பாடிய கணமே பாடல் அவர் பெயரால் முத்திரையிடப்படுகின்றது. ஒரு சொல்லை மாற்றினும் பாடம் பிழைத்ததாகும். இட்டுக்கட்டிய பாடலுக்குப் பெயரில்லை. அடுத்தவர் மாற்றிப் பாடலாம், மாற்றிப் பாடவே வேண்டும்.

மூன்றாவது வேறுபாட்டில் ஒரு முரண்நகை உண்டு. காளமேகம் முதலியோரின் பாடல்கள் எனப்படுபவை, இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் விருப்பப்படி சந்திரசேகர கவிராஜ பண்டிதர் தொகுத்த தனிப்பாடற்றிரட்டு போன்ற 19ஆம் நூற்றாண்டுத் தொகுப்புகள் வழியாகவே நம்மிடம் நிலைபெற்றன. காளமேகத்துக்கும் அத்தொகுப்புக்கும் இடையே ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் உள. அக்காலத்தில் இப்பாடல்கள் வாயிலும் செவியிலும் உலவின. ஒரே பாடல் வெவ்வேறு புலவர் பெயரில் வழங்குவதும், பாடலுக்கேற்ற சந்தர்ப்பக் கதை பின்னர் சேர்வதும் தனிப்பாடல்களிற் சாதாரணம். ஆசுகவிகளைப் பற்றிய மரபின் பெரும்பகுதி இட்டுக்கட்டும் முறையிலேயே உருவாயிற்று என்று இதனாற் கூறலாம். பெயரற்ற பலரின் கூட்டுழைப்பு ஒருவரின் பெயரிற் சென்று சேர்ந்தது.

ஆசுகவி மரபை வெறும் அவைக்கூத்தென ஒதுக்குவதும் தவறு. புரவலனைச் சார்ந்து வாழ்ந்த புலவனுக்கு வசைபாடும் ஆற்றலே எஞ்சியிருந்த ஆயுதம். பரிசளிக்க மறுத்தவனின் ஊர் மண்மாரியால் அழியப் பாடினார் என்ற காளமேகக் கதை, நிலமானிய உறவுள் அகப்பட்ட அறிவுழைப்பாளியின் ஆற்றாமையையும் சினத்தையும் ஒருங்கே காட்டுகின்றது. அந்த ஆயுதம் கற்பனையிலேயே ஊரை அழித்தது. மெய்யுலகில் புலவன் அடுத்த ஊர்ப் புரவலனை நாடிச் சென்றான். தனியொருவனாக நின்று போட்டியிடும் கலையின் எல்லை அதுவே.

6

இவ்வேறுபாட்டின் வேர் மிகப் பழைமையானது. பேராசிரியர் க. கைலாசபதி பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் நிகழ்த்திய ஆய்வு, 1968இல் தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலாக வெளிவந்தது. பரி, லோட் வகுத்த முறையைச் சான்றோர் செய்யுட்களுக்குப் பிரயோகித்து, வாய்பாடுகளையும் கருப்பொருள்களையும் எடுத்துக்காட்டி, அவை வாய்மொழி மரபுக்குரியவை என்று அவர் நிறுவ முனைந்தார். 1975இல் ஜோர்ஜ் ஹார்ட் இதனின்றும் வேறுபட்டார். பாணர் முதலியோரின் வாய்மொழி மரபைக் கையேற்று, எழுத்தறிந்த புலவர் இயற்றியவையே இச்செய்யுட்கள் என்பது அவர் கருத்து.

இவ்விவாதம் பெரிதும் வாய்மொழியா எழுத்தா என்ற வினாவாகவே நடந்துள்ளது. நாம் மேலே கண்டவற்றின் ஒளியில் அதனைச் சற்று மாற்றி அமைக்கலாம். வாய்பாடு இருப்பதனால் மட்டும் ஒரு பாடல் வாய்மொழிப் பாடலாகிவிடாது. நிகண்டு கற்ற புலவனிடத்தும் வாய்பாடு உண்டு. அதேபோல், எழுத்தின் தடயம் உண்டென்பதனால் வாய்மொழி மரபின் உழைப்பு அதனுள் இல்லையென்றாகாது. கேட்கவேண்டிய வினா, வாய்பாடுகளின் களஞ்சியம் எவரிடம் இருந்தது, எவரிடம் சென்று சேர்ந்தது என்பதே. பாணர் திரட்டிய களஞ்சியத்தைப் புலவர் கையேற்றனர் என்று ஹார்ட் கூறுவது உண்மையாயின், அது இலக்கியச் செல்வாக்கு மாத்திரமன்று. ஒரு சமூகப் பிரிவின் ஆக்கக் கருவிகள் இன்னொரு பிரிவின் கைக்கு மாறிய வரலாறுமாகும். புறநானூற்றிற் புலவர் பாணனின் குரலிற் பாடுவதை நாம் காண்கின்றோம். பாணர் பின்னாளில் அடைந்த நிலைக்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர், திருப்பாணாழ்வார் ஆகியோரைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திவைத்துப் பின் இறையருளால் உள்ளே அழைக்கும் கதைகள் சான்று பகரும். கருவி கைமாறிய பின்னர், அதனை முன்பு கையாண்டவர் தீண்டத்தகாதவராயினர். கைலாசபதி தொடக்கிய ஆய்வு இத்திசையில் நீட்டப்படின் மேலும் பயன்தரும் என்பது எமது கருத்து.

7

இறுதியாக முற்போக்கு விமர்சனத்தின் பொறுப்பை நோக்குவோம். தொம்சன் அயர்லாந்தின் பிளாஸ்கற் தீவு விவசாயிகளோடு பழகிய அனுபவத்தை ‘மார்க்சியமும் கவிதையும்’ (1945) என்ற சிறுநூலிற் பயன்படுத்தினார். அம்மக்களின் அன்றாடப் பேச்சே கவிதையாக எழுவதைக் கண்டு அவர் வியந்தார். வியப்போடு நின்றுவிடாமல், கூட்டுழைப்பிலும் அதன் தாளத்திலும் அதற்கு விளக்கம் தேடியதே அவரது சிறப்பு. நம்மவர் பலர் வியப்பை ஏற்றுக்கொண்டு விளக்கத்தைக் கைவிட்டனர்.

அரசியலிலும் இச்சிக்கல் எழுந்துள்ளது. தொழிலாளரின் தன்னியல்பான கிளர்ச்சி என்று கூறப்படுவதிலும் உணர்வு கருநிலையில் இருக்கின்றது என்பதை லெனின் 1902இல் ‘என்ன செய்யவேண்டும்?’ என்ற நூலில் எடுத்துக்காட்டினார். கிராம்சி தம் சிறைக் குறிப்புகளில் இதனை மேலும் கூர்மைப்படுத்தினார். வரலாற்றில் முழுத் தன்னியல்பு என்று ஒன்று இல்லை. தன்னியல்பெனத் தோன்றும் இயக்கங்களிலும் உணர்வுபூர்வமான வழிகாட்டல் இருந்திருக்கும், அது நம்பகமான ஆவணத்தை விட்டுச் செல்லவில்லை என்பதே உண்மை என்று அவர் கருதினார். இக்கருத்து இலக்கியத்துக்கும் முற்றாகப் பொருந்துவதாகும். நாட்டார் பாடல் தானாகப் பொங்கியதாகத் தோன்றுவது, பாடியவள் கற்றமைக்கான ஆவணம் இல்லாமையினாலேயே. ஆசுகவிக்கு நிகண்டு எஞ்சியது, திரட்டு எஞ்சியது, சரிதம் எஞ்சியது. ஒப்பாரி பாடியவளுக்கு எதுவும் எஞ்சவில்லை. ஆவணத்தின் இன்மையை ஆயத்தத்தின் இன்மையாக நாம் படித்துவிட்டோம்.

இதன் நடைமுறை விளைவு சிறிதன்று. நாட்டார் பாடல் தொகுப்புகளிற் பெரும்பாலானவை பாடலைத் தருகின்றன. பாடியவர் எவரிடம், எந்த வயதில், எத்தனை முறை கேட்டுக் கற்றார் என்பதைத் தருவதில்லை. ஒரே பாடகர் அதே பாடலை மறுமுறை பாடுகையில் எதனை மாற்றினார் என்பதும் பதிவாவதில்லை. பல வடிவங்களுள் ஒன்றைத் தெரிந்து ‘சரியான பாடமாக’ அச்சிடும்போது, இட்டுக்கட்டும் கலையை அழித்து அதன் விளைபொருளொன்றை மட்டும் காப்பாற்றுகின்றோம். தோட்டங்களிலிருந்தும் வன்னியிலிருந்தும் கிழக்கிலிருந்தும் போராலும் வறுமையாலும் மக்கள் இடம்பெயர்ந்தபோது, பாட்டுக்களோடு அவற்றைக் கற்பித்த சூழல்களும் சிதறுண்டன. பாட்டை ஒலிநாடாவிலோ கணினியிலோ சேமிக்கலாம். சிறுமி தாயின் அருகிலிருந்து கற்ற முறை பற்றி இன்றே கேட்டறியாவிடின் நாளை கேட்பதற்கு ஆளிருக்காது.

எனவே இனிவரும் ஆய்வாளர் பாடலோடு பாடியவரின் கல்வியையும் பதிவு செய்தல் வேண்டும். ஒரு பாடலின் மாற்று வடிவங்களைப் பிழைகளாகக் கருதாமல் ஆக்கத்தின் சான்றுகளாகக் கொள்ளல் வேண்டும். பாடியவர் இசைவாராயின் தொகுப்பில் அவர் பெயர் இடம்பெறல் வேண்டும். ஆசு என்ற சொல் பாடலைக் காலத்தால் அளந்து, அதனை உண்டாக்கிய உழைப்பை மறைத்தது. இட்டுக்கட்டு என்ற சொல் அவ்வுழைப்பின் செய்முறையைத் தன் உருவிலேயே தாங்கியிருந்தும் வசைச்சொல்லாயிற்று. கவிதை எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதை அறிய விரும்பும் விமர்சனத்துக்கு, புகழப்பட்ட சொல்லைக் காட்டிலும் இகழப்பட்ட இச்சொல்லே கூடிய பயனுடையது.